டிஃபரன்ஷியல் ரேஷியோ மாற்றலாமா? தர்மபுரி, கிருஷ்ணகிரி பக்கம் கேட்கும் கேள்விகள்

கார் வைத்திருப்பவர்கள் நாலு பேர் கூடினால் இந்தப் பேச்சு வந்துவிடுகிறது: "கிரவுன் பினியன் மாத்தினா வண்டி பறக்குமாமே?" பறக்குமா, எந்த ரோட்டில் பறக்கும், பதிலுக்கு எது போகும் என்பதைக் கணக்கோடு சொல்வதற்காக இந்தப் பக்கம். எல்லாக் கணக்குக்கும் ஒரே கற்பனைக் காரை எடுத்துக்கொள்வோம். பின்சக்கர இழுவை, 1500 கிலோ எடை, 300 நியூட்டன் மீட்டர் டார்க் (இன்ஜினின் சுழற்றும் விசை), 7000 ஆர்பிஎம்மில் (நிமிடத்துக்கு 7000 சுற்று) ரெட்லைன், அதாவது இன்ஜின் சுற்றின் உச்ச எல்லை. டயர் 225/45 ஆர்17, அதன் சுற்றளவு ஏறத்தாழ 2 மீட்டர். ஆறு கியர்கள்: 3.60, 2.10, 1.45, 1.12, 0.90, 0.75. கம்பெனி கொடுத்த டிஃபரன்ஷியல் ரேஷியோ 3.55. மாற்ற நினைப்பது 4.10.

இந்த 3.55, 4.10 என்பதெல்லாம் என்ன?

இன்ஜினின் சுற்றைச் சக்கரங்களுக்குப் பிரித்துக் கொடுக்கும் டிஃபரன்ஷியலுக்குள் கிரவுன் வீல் என்ற பெரிய பல்சக்கரமும் பினியன் என்ற சின்னதும் இருக்கும். கிரவுனின் பற்களைப் பினியனின் பற்களால் வகுத்தால் வருவதுதான் ரேஷியோ. கிரவுனில் 41 பல், பினியனில் 10 பல் என்றால் 4.10. 39-க்கு 11 என்றால் 3.55. சக்கரம் ஒரு சுற்று சுற்ற, கியர்பாக்ஸிலிருந்து பின்னால் வரும் ப்ரொப்பெல்லர் ஷாஃப்ட் எத்தனை சுற்று சுற்ற வேண்டும் என்பதே அந்த எண்.

பைக்கில் பின் ஸ்ப்ராக்கெட்டில் இரண்டு பல் கூட்டிப் போட்டவர்களுக்கு இதை விளக்கவே வேண்டாம். அதே வேலைதான். காரில் செலவும் நுணுக்கமும் அதிகம், அவ்வளவுதான்.

இந்தப் பக்கத்தில் "எண்ணைக் கூட்டுவது" என்றால் இழுவை பக்கம் போவது, "குறைப்பது" என்றால் நெடுஞ்சாலை பக்கம் போவது. லோ, ஹை என்று ஆளுக்கு ஒரு மாதிரி சொல்வதால் எண்ணையே சொல்லிவிடுகிறேன்.

3.55-லிருந்து 4.10-க்குப் போனால் எவ்வளவு இழுவை கூடும்?

4.10-ஐ 3.55-ஆல் வகுத்தால் 1.155. எந்த கியரிலும் சக்கரத்துக்குப் போகும் டார்க் 15.5 சதவீதம் கூடும். விளம்பரங்களில் வரும் கணக்கு இது. பொய் இல்லை, ஆனால் பாதிதான்.

மீதிப் பாதி இது: அதே விகிதத்தில் ஒவ்வொரு கியரும் சீக்கிரம் தீர்ந்துவிடும். இன்ஜினின் பவர் ஒரு குதிரைச் சக்திகூடக் கூடவில்லை. அது எந்த வேகத்தில் கிடைக்கும் என்ற இடம்தான் நகர்ந்திருக்கிறது. கீழே வரும் பதில்கள் எல்லாமே இந்த ஒரு விஷயத்திலிருந்து கிளைப்பவை.

அப்படியென்றால் 0-100 நேரம் குறையுமா?

குறையலாம், கூடவும் செய்யலாம். சிரிக்க வேண்டாம், கணக்கைப் பாருங்கள்.

3.55-ல் நம் கார் இரண்டாவது கியரில் ரெட்லைன் தொடும்போது வேகம் சுமார் 113 கி.மீ. ஆக 100-ஐத் தாண்ட ஒரே ஒரு கியர் மாற்றம் போதும். 4.10-ல் அதே இரண்டாவது கியர் 98 கி.மீ.யிலேயே முடிந்துவிடும். 100-ஐத் தொட மூன்றாவது போட்டே ஆக வேண்டும். மேனுவல் காரில் நல்ல கை இருந்தாலும் ஒரு மாற்றத்துக்குக் கால் முதல் அரை வினாடி போய்விடும். இழுவையால் மிச்சம் பிடித்த நேரத்தை அந்த ஒரு மாற்றம் தின்றுவிடும்.

இன்னொன்றும் இருக்கிறது. 98 முதல் 113 வரை பழைய ரேஷியோவில் வண்டி இரண்டாவது கியரில் இருக்கிறது, புதியதில் மூன்றாவதில். கியரையும் டிஃபரன்ஷியலையும் பெருக்கிப் பாருங்கள்: முன்பு 7.46, இப்போது 5.95. அந்த வேக எல்லைக்குள் புதிய ரேஷியோவில் 20 சதவீதம் குறைவான பெருக்கம்தான் கிடைக்கிறது. 113-லிருந்து 141 வரை இரண்டுமே மூன்றாவதில் இருப்பதால் 4.10 முந்தும். 141-லிருந்து 163 வரை மறுபடி 3.55 முந்தும், ஏனென்றால் 4.10 அதற்குள் நாலாவதுக்குப் போயிருக்கும். இப்படி மாறி மாறித்தான் ஓடும்.

எனவே யாராவது "ரேஷியோ மாத்தினேன், எல்லா வேகத்திலும் முன்னாடி போகுது" என்றால், கூடவே இன்ஜினிலும் ஏதோ செய்திருக்கிறார் என்று அர்த்தம். இல்லையென்றால் சத்தம் கூடியதை வேகம் என்று நினைக்கிறார்.

முதல் கியரில் டயர் சுற்றுகிறதே, அது பவர் கூடிய அடையாளம்தானே?

டயர் பிடிப்பு தீர்ந்துவிட்டது என்பதற்கான அடையாளம்.

முடுக்கும்போது பின்சக்கரங்கள் மேல் 55 சதவீத எடை இருக்கிறது என்று வைத்தால் 825 கிலோ. நல்ல காய்ந்த ரோட்டில் சாதாரண டயர் ஏறத்தாழ அந்த அளவுக்குத்தான் தள்ள முடியும். முதல் கியரில் 3.55 ரேஷியோவே 1200 கிலோவுக்கு மேல் தள்ளப் பார்க்கிறது (உராய்வு இழப்பைக் கழிக்காமல்). ஏற்கெனவே அதிகம். 4.10 போட்டால் 1400-ஐத் தாண்டும், அந்தக் கூடுதல் முழுக்க ரப்பர் புகையாகப் போகும்.

லாபம் தெரிவது இரண்டாவது கியரில். அங்கே 3.55-ல் சுமார் 717 கிலோ தள்ளு, 4.10-ல் 828. பிடிப்பின் எல்லையைச் சரியாகத் தொடுகிறது. இரண்டாவது, மூன்றாவது கியரில் அதிகம் ஓடும் ரோட்டில்தான் இந்த மாற்றத்துக்கு அர்த்தம் இருக்கிறது.

இதனால்தான் பவர் மிக அதிகமாக ஏற்றிய கார்களில் விவரம் தெரிந்தவர்கள் எண்ணைக் குறைக்கிறார்கள். முதல் இரண்டு கியரும் சும்மா சுற்றுகிற காருக்கு 4.10 போடுவது வீண்.

நம் ஊர் ரோடுகளில் எதற்கு எது பொருந்தும்?

ரோட்டைப் பொறுத்துத்தான் பதில். நம் இரண்டு மாவட்டத்திலும் எல்லா வகை ரோடும் கிடக்கிறது.

ஓசூர், சூளகிரி, கிருஷ்ணகிரி, காவேரிப்பட்டணம், தர்மபுரி என்று ஓடும் தேசிய நெடுஞ்சாலை 44-ல் பெரும்பாலும் ஆறாவது கியர்தான். 100 கி.மீ. வேகத்தில் 3.55 காரின் இன்ஜின் 2220 ஆர்பிஎம் சுற்றும், 4.10-ல் 2560. அரை மணி நேரத்தில் அந்த வித்தியாசம் காதுக்குத் தெரியும், மாதக் கடைசியில் பர்சுக்கும் தெரியும். வாரா வாரம் பெங்களூர் போய் வருபவர், அல்லது கிருஷ்ணகிரியில் திரும்பி வாணியம்பாடி வழியாகச் சென்னைக்கு ஓட்டுபவர், எண்ணைக் கூட்டக் கூடாது என்பதே என் கருத்து. ஒரு சின்ன ஆறுதல் உண்டு: சூளகிரி பக்க ஏற்றத்தில் ஆறாவதிலிருந்து ஐந்துக்கு இறக்கும் அவசியம் குறையும்.

வத்தல்மலை ஏறுகிற கொண்டை ஊசி வளைவுகள், தேன்கனிக்கோட்டையிலிருந்து அஞ்செட்டி வழியாக ஒகேனக்கல் இறங்கும் காட்டு ரோடு போன்ற இடங்களில் கதை வேறு. வளைவிலிருந்து வெளியே வரும்போது மூன்றாவதில் மூச்சுத் திணறி, இரண்டாவதில் கத்துகிற வண்டிகள் உண்டு. அந்த இடைவெளியில் சிக்கும் காருக்கு எண்ணைக் கூட்டினால் மூன்றாவது கியர் உயிர் பெறும். ஓட்டுவதில் உண்மையான சந்தோஷம் அங்கேதான் தெரியும். ஆனால் அஞ்செட்டி பக்கம் யானை குறுக்கே வரும் ரோடு. அங்கே வேகம் பார்க்கப் போகாதீர்கள்.

தொப்பூர் கணவாய் இறக்கத்தில் என்ன ஆகும்?

இங்கே எண்ணைக் கூட்டுவது நல்லதே செய்யும். அதைப் பற்றி யாரும் பேசுவதில்லை.

தர்மபுரியிலிருந்து சேலம் போகும்போது தொப்பூரில் நீண்ட இறக்கம். மூன்றாவது கியரில் 60-ல் இறங்கினால் 3.55 காரின் இன்ஜின் 2570 ஆர்பிஎம்மில் இருக்கும், 4.10-ல் 2970. ஆக்சிலரேட்டரிலிருந்து காலை எடுத்தால் இன்ஜின் பிடித்து நிறுத்தும் விசை அதே கியரில் கூடுதலாகக் கிடைக்கும். பிரேக் சூடாவது குறையும். ஆனால் அதே பலனை 3.55 காரில் இரண்டாவது கியர் போட்டும் பெறலாம். ஆக இதற்காக மட்டும் யாரும் டிஃபரன்ஷியலின் கூடான ஹவுசிங்கைத் திறக்க வேண்டாம்.

டீசல் மிச்சம் பிடிக்க நியூட்ரலில் இறங்கும் லாரிகளுக்கு அந்த இரட்டைப் பாலத்துக்கிட்டே என்ன நடக்கிறது என்று நமக்கெல்லாம் தெரியும். காரில் அதே வேலையைச் செய்பவர்களும் இருக்கிறார்கள். எந்த ரேஷியோவும் அவர்களைக் காப்பாற்றாது.

மைலேஜ் எவ்வளவு விழும்?

15.5 சதவீதம் ஆர்பிஎம் கூடினால் மைலேஜும் அதே அளவு விழும் என்று நினைக்க வேண்டாம். காற்றைக் கிழிக்க வேண்டிய சக்தி மாறவில்லை, இன்ஜினுக்குள் உராய்வும் காற்றை இழுக்கும் இழப்பும்தான் கூடுகின்றன. சீரான நெடுஞ்சாலை ஓட்டத்தில் தெளிவாகத் தெரியும், ஊருக்குள் அவ்வளவு தெரியாது. புது இழுவை கிடைத்த உற்சாகத்தில் காலை அழுத்துவதால் விழும் மைலேஜ் தனிக்கணக்கு. பெரும்பாலும் அதுதான் பெரிது.

டாப் ஸ்பீடு போய்விடுமே?

பெரும்பாலும் போகாது. ஆறாவது கியர் கொண்ட பல கார்கள் டாப் ஸ்பீடை ஐந்தாவதிலேயே தொடுகின்றன. ஆறாவது மைலேஜுக்காக வைத்தது. நம் கார் காற்றுத் தடையால் 240-ல் நின்றுவிடும் என்று வைத்துக்கொள்வோம். 3.55-ல் அதை ஐந்தாவதில் 6390 ஆர்பிஎம்மில் தொடும். 4.10-ல் ஐந்தாவது 228-ல் தீரும், ஆனால் ஆறாவதில் 6150 ஆர்பிஎம்மில் அதே 240-க்கு அருகே போய்விடும். டிராக்குக்கு வெளியே இந்தக் கேள்விக்கு வேலையே இல்லை என்பது வேறு விஷயம்.

அண்ணா, இருங்காட்டுக்கோட்டை டிராக்குக்குப் போறேன். எந்த ரேஷியோ போடட்டும்?

இப்படிக் கேட்டால் பதில் சொல்ல முடியும், தம்பி. டிராக்கில் ரோடு மாறாது.

இருங்காட்டுக்கோட்டை சுற்று 3.717 கி.மீ. முதலில் இருக்கிற ரேஷியோவோடு ஓட்டி, ஒவ்வொரு வளைவிலிருந்தும் எந்த கியரில், எந்த ஆர்பிஎம்மில் வெளியே வருகிறீர்கள் என்று பதிவு செய்யுங்கள். மிக நீளமான நேர்ப்பாதையின் முடிவில், பிரேக் போடும் இடத்தில் ஏதாவது ஒரு கியரின் ரெட்லைனை நெருங்கியிருக்க வேண்டும். ஆனால் அதைத் தாண்டக் கூடாது. பிரேக்குக்கு ஐம்பது மீட்டர் முன்னால் வேறு கியர் போட வேண்டி வந்தால் ரேஷியோ தவறு. ரெட்லைனுக்கு ஆயிரம் ஆர்பிஎம் மிச்சம் இருந்தால் எண்ணைக் கூட்ட இடம் இருக்கிறது.

கோயம்புத்தூர் செட்டிபாளையத்து கரி டிராக் இதைவிடச் சின்னது. அங்கே சரியாக இருக்கும் ரேஷியோ இங்கே சரியாக இருக்காது. இரண்டுக்கும் போகிறவர் நடுவில் ஒன்றைப் பிடித்துக்கொண்டு, டயரிலும் பிரேக்கிலும் காசு போடுவது நல்லது.

டர்போ காருக்கும் இதே கணக்கா?

இல்லை. அதிக ஆர்பிஎம்மில்தான் பவர் தரும் டர்போ இல்லாத இன்ஜின்களுக்கு எண்ணைக் கூட்டுவது நன்றாகப் பொருந்தும். ஹோண்டா 1998-ல் ஜப்பானுக்கான இன்டெக்ரா டைப் ஆரில் ஃபைனல் டிரைவை (இதே டிஃபரன்ஷியல் ரேஷியோதான்) 4.4-லிருந்து 4.785 ஆக்கியது. 8000-க்கு மேல் சுற்றும் இன்ஜின் அது, கியர்களும் நெருக்கமாக அடுக்கியவை.

இப்போதைய டர்போ பெட்ரோல் கார்கள் 2000 ஆர்பிஎம்மை ஒட்டியே முழு டார்க்கும் தருகின்றன, மேலே போகப் போக மூச்சு குறையும். கியர்களை இன்னும் குட்டையாக்கினால் டர்போ அழுத்தம் எழும்புவதற்குள் கியர் தீர்ந்துவிடும். சில கார்களில் முதல் இரண்டு கியரில் டார்க்கை கம்ப்யூட்டரே குறைத்து வைத்திருக்கும், அங்கே நீங்கள் கூட்டுவதற்கு எதுவும் இல்லை. டர்போ காருக்கு முதலில் நல்ல டயர், அடுத்து இன்ஜின் ட்யூனிங், அதற்கப்புறம்தான் ரேஷியோ.

என்னுடையது முன்சக்கர இழுவைக் கார். மாற்ற முடியுமா?

முடியும், ஆனால் டிஃபரன்ஷியல் கியர்பாக்ஸுக்குள்ளேயே இருப்பதால் கியர்பாக்ஸை இறக்கி, பிளந்து, ஷாஃப்டையும் ரிங் கியரையும் ஜோடியாக மாற்ற வேண்டும். பார்ட் கிடைப்பதே பல கார்களுக்குச் சந்தேகம். ஃபோக்ஸ்வாகன் குழுமத்தின் ஆறு கியர் டிஎஸ்ஜி (இரட்டை கிளட்ச் கியர்பாக்ஸ்) போன்ற சிலவற்றில் இரண்டு வெளியீட்டு ஷாஃப்டுகள், இரண்டு ஃபைனல் டிரைவ்கள் உண்டு. ஒரு எண்ணை மட்டும் மாற்றிவிட்டு வர முடியாது.

நாலு சக்கர இழுவை?

முன் ஆக்சிலும் பின் ஆக்சிலும் ஒரே ரேஷியோவில் இருக்க வேண்டும். தார் போன்ற வண்டியில் பின்னால் மட்டும் மாற்றிவிட்டு 4x4 லிவரைப் போட்டால் இரண்டு ஆக்சிலும் ஒன்றையொன்று முறுக்கி எதையாவது உடைக்கும். செலவு இரண்டு மடங்கு என்று முதலிலேயே எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.

ஸ்பீடோமீட்டர் தப்பாகக் காட்டுமா?

கார் எங்கிருந்து வேகத்தை எடுக்கிறது என்பதைப் பொறுத்தது. ஏபிஎஸ் சென்சார் மூலம் சக்கரத்திலிருந்து நேராக எடுக்கும் கார்களில் ஒன்றும் ஆகாது. கான்டெஸா, பத்மினி காலத்துப் பின்சக்கர இழுவை வண்டிகளில் கேபிள் கியர்பாக்ஸின் பின்பக்கத்திலிருந்து வரும். அதில் நிஜ வேகம் 100 என்றால் முள் 115-ஐக் காட்டும், ஓடாத கிலோமீட்டரும் ஓடியதாக ஏறும். கேபிளின் சின்ன பிளாஸ்டிக் பல்லை மாற்றிச் சரிசெய்யலாம்.

ஆட்டோமேட்டிக் காரில் வேறு தலைவலி. இன்ஜின் சுற்றையும் சக்கரச் சுற்றையும் ஒப்பிட்டுத்தான் எந்த கியர் ஓடுகிறது என்று கம்ப்யூட்டர் சரிபார்க்கும். கணக்கு ஒத்துவராவிட்டால் எச்சரிக்கை விளக்கு எரியும், க்ரூஸ் கன்ட்ரோல் முரண்டு பிடிக்கும், கியர் மாறும் நேரம் தவறும். புது எண்ணை மென்பொருளில் எழுதத் தெரிந்த ஆள் கையில் இல்லாமல் ஆரம்பிக்காதீர்கள்.

இங்கேயே செய்துவிடலாமா, பெங்களூர்தான் போக வேண்டுமா?

கிருஷ்ணகிரி, சேலம், நாமக்கல் பட்டறைகளில் லாரி ஹவுசிங் வேலை பார்த்த கைகளுக்கு கிரவுன் பினியன் புதிதல்ல. மலை ஏறும் லாரிக்கு ஒரு ரேஷியோ, சமவெளி லாரிக்கு ஒரு ரேஷியோ என்பது அவர்கள் தினசரி பேசும் விஷயம். முறை தெரிந்தவர்கள். ஆனால் லாரியில் மன்னிக்கப்படும் சின்னப் பிசகு காரில் ஊளைச் சத்தமாக வெளியே வரும்.

ஆளைத் தேர்ந்தெடுக்க நான்கு விஷயம் கேளுங்கள். டயல் கேஜ் வைத்து பேக்லாஷ் (பற்களுக்கு நடுவே உள்ள இடைவெளி) அளப்பாரா? பல கார்களில் அது 0.13 முதல் 0.20 மில்லிமீட்டருக்குள் இருக்க வேண்டும், உங்கள் வண்டிக்கு எவ்வளவு என்பதை அதன் சர்வீஸ் புத்தகத்தில் பார்த்துத்தான் சொல்ல வேண்டும். பினியன் எவ்வளவு ஆழம் உட்கார வேண்டும் என்பதற்கான ஷிம்மை (மெல்லிய தகட்டு வளையத்தை) அளந்து போடுவாரா, பழைய ஷிம்மையே திருப்பிப் போடுவாரா? பல்லில் மை தடவிச் சுற்றி, பதிவு நடுவில் விழுகிறதா என்று உங்களுக்குக் காட்டுவாரா? பினியன் பேரிங்குகளுக்கு நடுவே நசுங்கும் ஸ்லீவ் (குழாய்) இருக்கும் வண்டியில் புதிதாகப் போடுவாரா? "கைப் பழக்கத்துல செஞ்சிடுவேன்" என்பவர் எத்தனை நல்ல மனிதராக இருந்தாலும் இந்த வேலைக்கு வேண்டாம்.

பேரிங்கும் சீலும் புதிதாகவே போடுங்கள். அங்கே மிச்சம் பிடித்தால் மறுபடி முழு வேலையும் செய்ய வேண்டி வரும்.

கூடவே எல்எஸ்டியும் (ஒரு சக்கரம் மட்டும் சும்மா சுற்றுவதைக் கட்டுப்படுத்தும் டிஃபரன்ஷியல்) போட்டுவிடலாமா?

போட நினைத்திருந்தால் இப்போதே போடுங்கள். ஹவுசிங் திறந்திருக்கிறது, கூலி ஒரே தடவை. சாதாரண டிஃபரன்ஷியலில் எண்ணைக் கூட்டினால் வளைவில் உள்பக்கச் சக்கரம் இன்னும் எளிதாகச் சுற்றும், கூடுதல் இழுவை அங்கேயே வடிந்துவிடும். இரண்டில் ஒன்றுதான் முடியும் என்றால் நான் எல்எஸ்டியைத்தான் எடுப்பேன். கிளட்ச் வகை எல்எஸ்டி என்றால் அதற்கான ஆயிலைப் பார்த்து ஊற்றுங்கள்.

எண் கூடினால் கியர் பலவீனமாகுமா?

அதே அளவு ஹவுசிங்குக்குள் எண்ணைக் கூட்ட வேண்டுமென்றால் பினியன் சின்னதாக வேண்டும், பற்களும் குறையும். அந்த அளவுக்குத் தாங்கும் சக்தி குறையும். 3.55-லிருந்து 4.10 வரை பயப்பட வேண்டாம். பெரிய டார்க், ஒட்டுகிற டயர், கிளட்சைச் சடாரென்று விடும் பழக்கம் மூன்றும் சேர்ந்தால் பயப்படுங்கள். ப்ரொப்பெல்லர் ஷாஃப்டும் அதே வேகத்துக்கு 15.5 சதவீதம் அதிகமாகச் சுற்றும். பழைய வண்டியில் தெரியாமல் இருந்த அதிர்வு இப்போது தெரியலாம்.

மாற்றியபின் எப்படி ஓட்டுவது?

முதல் 25, 30 கி.மீ. மெதுவாக ஓட்டி வண்டியை முழுக்க ஆறவிடுங்கள். இதை இரண்டு மூன்று முறை செய்யுங்கள். புதுப் பற்கள் ஒன்றோடொன்று பழகும்போது சூடு அதிகமாகும். அடுத்த 800 கி.மீ. வரை முழு ஆக்சிலரேட்டர், பாரம், மலை ஏற்றம் வேண்டாம். பிறகு ஆயிலை மாற்றுங்கள். வடியும் ஆயிலில் மெல்லிய சாம்பல் நிறத் துகள் வருவது இயல்பு, சில்லு சில்லாக வந்தால் பட்டறைக்குத் திரும்புங்கள். காலை அழுத்தும்போதோ எடுக்கும்போதோ மட்டும் ஊளை வந்தால் பற்களின் பதிவு சரியில்லை. ஓட ஓடச் சரியாகிவிடும் என்று சொல்வார்கள், ஆகாது.

காசு போடுவதற்கு முன் சோதித்துப் பார்க்க வழி உண்டா?

உண்டு. 225/45 ஆர்17-க்குப் பதில் 225/40 ஆர்17 போட்டால் விட்டம் 3.5 சதவீதம் குறையும். 3.55 இருக்கும் கார் 3.68 போல நடந்துகொள்ளும். நண்பர் ஒருவரிடம் வாங்கிப் போட்டு வத்தல்மலை ஒரு தடவை ஏறிப் பாருங்கள். அந்தச் சின்ன மாற்றமே பிடித்திருந்தால் மேலே யோசியுங்கள், வித்தியாசமே தெரியவில்லை என்றால் காசு மிச்சம். டயரின் சுமை எண் காருக்குப் பொருந்துகிறதா என்று மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள். வண்டியும் ஒரு சென்டிமீட்டர் தாழும், நம் ஊர் வேகத்தடைகளை மறந்துவிடாதீர்கள்.

இன்னும் எளிய சோதனை: ஆறாவதில் 100 போகும் இடத்தில் ஐந்தாவதில் போய்ப் பாருங்கள். நம் காரில் 2660 ஆர்பிஎம், 4.10-ன் ஆறாவதைவிடக் கொஞ்சம்தான் அதிகம். தர்மபுரியிலிருந்து ஓசூர் வரை அந்தச் சத்தத்தோடு உட்கார்ந்து வர முடிகிறதா?

வாரண்டி, இன்ஷூரன்ஸ்?

வாரண்டி காலம் முடியாத காரில் கை வைக்காதீர்கள். இன்ஷூரன்ஸ் நிறுவனத்திடம் மாற்றத்தை எழுத்தில் தெரிவித்துவிடுங்கள். மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-வது பிரிவு வாகன மாற்றங்களைக் கட்டுப்படுத்துகிறது என்பதால், செய்வதற்கு முன் ஆர்டிஓ அலுவலகத்தில் ஒரு வார்த்தை கேட்பது நல்லது.

கழற்றிய பழைய கிரவுன் பினியனை என்ன செய்வது?

விற்காதீர்கள். கிரவுனும் பினியனும் ஜோடியாகத் தேய்ந்தவை, பிரித்தால் இரண்டும் இரும்பு விலைக்குத்தான் போகும். அதன் ஷிம்களை ஒரு கவரில் போட்டு எது எந்தப் பக்கம் என்று எழுதி, பற்களில் கிரீஸ் தடவி, துணியில் சுற்றி வையுங்கள். காரை விற்கும்போது வாங்க வருகிறவர் பெரும்பாலும் 3.55-தான் கேட்பார்.